மரவீட்டின் பிள்ளையார் சுழி

சண்முகநாதனுக்குச் சீமெந்து என்றால் உயிர். ஸ்காபரோவில் அவருடைய கை படாத பேஸ்மென்ற் குறைவு என்று ஊர் சொல்கிறதோ இல்லையோ, அவர் சொல்லுவார். வாசற்படி வெடித்தால் சீமெந்து, சுவர் கசிந்தால் சீமெந்து, கராஜுக்குள் எலி வந்தால்கூட ஓட்டையைத் தேடிப் பிடித்துச் சீமெந்து. மனிசனுக்குக் காய்ச்சல் வந்தால் குளிசையோடு ஒரு கரண்டி சீமெந்தையும் கரைத்துக் குடிப்பார் என்பது அவருடைய மனைவி பாலேஸ்வரியின் கணிப்பு.

அப்பேர்ப்பட்டவர் பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், வெக்ஸ்போர்ட்டில் ஜோசப்பின் என்ற பெயருள்ள அக்காவின் வீட்டு வடக்குச் சுவருக்கு முன்னால் குந்தியிருந்தார். சுவரின் ஆக அடியில் கிடந்த மரத்துக்குள் அவருடைய சுட்டுவிரல் பாதிவரை இறங்கியிருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் அதே மரத்தில் ஒரு ஆணியை அடித்துப் பார்த்தவர் அவர், ஆணிதான் வளைந்தது. இப்போது தேத்தண்ணியில் ஊறிய பாண்துண்டுக்குள் விரல் விட்ட மாதிரி இருந்தது. ஐயோ, இதென்ன கோதாரி!

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கலக்கம் விளங்காது. ஜோசப்பின் மன்னார்க்காரி. முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர். டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் இருந்தபோது, அதற்கு மேல் மாடியில் இருந்தவர் சண்முகநாதன். ஜோசப்பினின் கணவருக்கு நெஞ்சுவலி வந்த அன்று பார்த்து லிஃப்ற் பழுதாகிப் போக, அம்புலன்ஸ்காரர் வந்து சேருவதற்குள் அந்த மனிதரைத் தோளில் போட்டுக்கொண்டு பதினொரு மாடியும் இறங்கியவர் இவர்தான். மனிதர் அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்துவிட்டுத்தான் போனார். ஜோசப்பின் அதை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. மீன்குழம்பு வைத்த நாளெல்லாம் மேல் மாடிக்கு ஒரு சட்டி போகும், அவ்வளவுதான்.

கணவர் போனபின் அவர் இந்த வீட்டை வாங்கினார். தெருவிலேயே சின்ன வீடு. கீழே இரண்டு அறை, மேலே கூரைக்குள் குனிந்து போகிற ஒரு அறை, வெளியே வெள்ளை அலுமினியத் தகடு. இதைப்போய் வாங்குவார்களா என்று கேட்காத சனம் இல்லை. கொரோனா வந்த கோடையில், தகடு நெளிந்துவிட்டது, மாற்றித் தாரும் என்று சண்முகநாதனைக் கூப்பிட்டார். அவர் தகட்டைக் கழற்றினார். உள்ளே பலகை. பலகையையும் கழற்றினார். உள்ளே, அட கடவுளே, முழு மரங்கள்! ஒன்றின் மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குக் குறையாத அகலத்தில், சதுரமாகச் செதுக்கிப் படுக்கவைத்த மரங்கள்.

ஜோசப்பின் அன்றைக்குச் சமைக்கவேயில்லை. கோடாலி பட்ட தடங்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூலையில் மரங்களின் நுனிகளை விசிறிபோல விரித்துச் செதுக்கி, ஒன்றின் வாய்க்குள் மற்றது பூட்டிக்கொள்ளும்படி அடுக்கியிருந்தான் எவனோ ஒருவன். ஒரு ஆணி இல்லை. நூற்றைம்பது வருடம் பனியும் மழையும் அடித்த மூலைக்குள் ஒரு கடதாசித் துண்டைக்கூடச் செருக முடியவில்லை.

"தம்பி சண், இனி உதை மூடப்படாது. இவ்வளவு வடிவை ஆரப்பா தகடு போட்டு மூடினது?" என்றார் ஜோசப்பின்.

சண்முகநாதனுக்கும் வடிவாகத்தான் இருந்தது. ஆனால் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே இருந்த இடுக்குகளை நிரப்பியிருந்த வெள்ளைப் பூச்சுத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. நகத்தால் சுரண்ட உதிர்ந்தது. "சுண்ணாம்பு அக்கா! சுண்ணாம்பு வெத்திலைக்குப் பூசிறது. சுவருக்குப் பூசினால் நிக்குமே? நான் உங்களுக்கு ஒரு வேலை செய்து தாறன், பேரப்பிள்ளையள் காலம்வரைக்கும் அசையாது பாருங்கோ."

ஒரு கிழமை முழுக்க இருந்து செய்தார். பழைய சுண்ணாம்பை எல்லாம் தோண்டிக் கொட்டிவிட்டு, இடுக்குக்கு இடுக்கு கொழுத்த சீமெந்து. மட்டக்கம்பு பிடித்து, ஈரத்துணியால் நீவி, தெருவால் போகிறவர்கள் நின்று படம் எடுக்கிற மாதிரி வேலை. எல்லாம் முடிந்தபின், எந்த வேலையிலும் செய்வதை அங்கேயும் செய்தார். ஆட்கள் காணாத ஒரு மூலையில், சீமெந்து இறுகுமுன் ஒரு ஆணியால் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி. அதன் கீழே மாதமும் வருடமும். பெயர் எழுதமாட்டார், சுழி மட்டும்தான். வீட்டுக்காரர் ஆரென்றாலும் பிள்ளையார் காவல் இருக்கட்டுமே என்று ஒரு நம்பிக்கை. வாசலுக்கு மேல் மடு மாதா படம் வைத்திருக்கிற ஜோசப்பின் அக்கா அறிந்தால் முகம் சுளிப்பார் என்று, பீலியிலிருந்து தண்ணீர் இறங்குகிற குழாய்க்குப் பின்னால் போட்டு மறைத்துவிட்டார்.

பிறகு ஐந்து குளிர்காலம் போனது. இந்த வருடம் வடக்குப் பக்கத்து அறையில் ஒரு புளித்த மணம். அந்த அறையின் நிலம் சரிந்து, மேசையில் வைத்த தோடம்பழம் தானாக உருண்டது. மகன் டெனிஸ்டன் பிக்கரிங்கிலிருந்து வந்து மரத்தில் திருகாணி முடுக்குகிற கட்டையைக் குத்த, அது சொத்தென்று இறங்கியது. நல்ல பிள்ளை, தாய் மேல் பாசம் உள்ளவன், ஆனால் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. இடித்துவிட்டு இரண்டு மாடியில் புது வீடு கட்டுவோம் என்று நாலே நாளில் படம் கீறி, இடிப்பதற்கான படிவத்தையும் கொண்டுவந்து தாயின் சமையல் மேசையில் வைத்துவிட்டான்.

"புது வீட்டு வேலை முழுக்க உங்களுக்குத்தான் சண் அங்கிள்" என்று சொல்லியும் இருந்தான். சண்முகநாதனும் சந்தோசமாகத் தலையாட்டியிருந்தார். உண்மையை ஏன் மறைக்கவேணும்?

ஜோசப்பின் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பழைய மரவீடு தெரிந்த ஒருத்தர் வந்து பார்க்கவேண்டும். அவர் வீட்டைக் காப்பாற்ற ஏலாது என்று எழுதித் தந்தால் அன்றைக்கே இடிக்கக் கையெழுத்து. ஏலும் என்றால் வீடு நிற்கும். மகனும் சரி என்றான். அந்த ஆள் வருகிற நாள்தான் இந்த வெள்ளிக்கிழமை.

வந்தது ஒரு பிக்அப் வண்டி. இறங்கியது முப்பது வயதுகூடத் தாண்டாத ஒரு பெண் பிள்ளை. முழங்கால் தேய்ந்த காற்சட்டை, காதுக்குப் பின்னால் பென்சில்.

"வணக்கம் அன்ரி, ஐ'ம் லக்சிகா. அம்மா ஆக்கள் உரும்பிராய். நான் இங்கதான் பிறந்தனான், எல்ஸ்மியர் றோட்டில. ஓல்ட் லொக் வீடுகள், இந்த மரவீடுகள் மட்டும்தான் செய்யிறன்."

சண்முகநாதன் டெனிஸ்டனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். ஆனால் அந்தப் பிள்ளை ஒரு சின்னச் சுத்தியலால் மரங்களைத் தட்டிக் காது கொடுத்துக்கொண்டு போன விதத்தைப் பார்த்ததும் புருவம் தானாக இறங்கியது. வேலை தெரிந்தவரின் கை எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியும். மூலைக்கு வந்ததும் லக்சிகா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஓ மை கோட். அன்ரி, இஞ்ச பாருங்கோ. இந்தக் கொத்து எல்லாம் வெளிப்பக்கமாச் சரிஞ்சிருக்கு. மழை அடிச்சால் தண்ணி உள்ளுக்குப் போகாது, வழிஞ்சு வெளியில விழும். வீட்டின்ர பாரம் கூடக்கூட இன்னும் இறுகும். இதைச் செய்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை."

ஜோசப்பினின் முகம் தன் பிள்ளை பரிசு வாங்கினதுபோல மலர்ந்தது. அது கனநேரம் நிற்கவில்லை. லக்சிகாவின் விரல் இப்போது இடுக்குப் பூச்சில் இருந்தது.

"ஆர் இந்தச் சீமெந்து போட்டது?"

மறுமொழிக்கு நிற்காமல் அவளே சொன்னாள். மரம் கோடையில் சுருங்கும், ஈரத்தில் பருக்கும். சுண்ணாம்பு அதோடு சேர்ந்து அசையும், ஈரத்தைக் குடித்துக் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும். சீமெந்து அசையாது. மரம் சுருங்கினதும் ஓரத்தில் மயிரிழை அளவு வெடிப்பு வரும். அதற்குள்ளால் மழை போகும், போனது வெளியே வராது. மரம் உள்ளுக்குள்ளேயே ஊறி ஊறிச் செத்துப்போகும். "நல்லது செய்யிறம் எண்டு நினைச்சுத்தான் எல்லாரும் போடுறது. பட் இட் கில்ஸ் த ஹவுஸ்."

சண்முகநாதனுக்குக் காது இரண்டும் கொதித்தது. குந்தியிருந்தவர் எழும்பவில்லை. அப்போதுதான் ஜோசப்பின் வாயைத் திறந்தார்.

"உது நாங்கள் வாங்கேக்கையே இருந்தது பிள்ளை. முந்தின ஆக்கள் போட்டது."

தவக்காலத்து வெள்ளிக்கிழமை! இறைச்சி தொடாமல், மாலையில் சிலுவைப்பாதைக்குப் போகவிருந்த மனுசி, கண்ணை இமைக்காமல் பொய் சொன்னார். டெனிஸ்டன் அந்தக் கோடையில் வன்கூவரில் வேலையாக இருந்தவன், அவனுக்கு ஒன்றும் தெரியாது. சண்முகநாதனுக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கமில்லாத நிம்மதி. அப்பாடா, பேர் தப்பியது.

"அப்ப முப்பது, நாப்பது வருசம் இருக்குமோ?" என்று கேட்டாள் லக்சிகா.

"இருக்கும்."

லக்சிகா சுவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப சரிவராது அன்ரி. அடி மரம் மட்டும் எண்டால், வீட்டை ஜாக்கி வைச்சுக் கொஞ்சம் கொஞ்சமா உயர்த்தி, பழுதை எடுத்திட்டுப் புது மரம் செருகலாம். ஆனால் நாப்பது வருசம் சீமெந்துக்குப் பின்னால தண்ணி நிண்டிருந்தால் மேல் மரமும் உள்ளுக்குள்ள போயிருக்கும். வெளியால தெரியாது. அப்பிடியான சுவரைத் தூக்கேக்க இடையில முறிஞ்சால் கீழ நிக்கிற ஆள் முடிஞ்சார். ஐ'ம் சொறி. ஏலாது எண்டுதான் எழுதவேணும்."

"நான் சொன்னனான்தானே அம்மா" என்றான் டெனிஸ்டன், மெதுவாகத்தான் சொன்னான்.

சண்முகநாதன் தலையை நிமிர்த்தினார். நாற்பது இல்லை, ஐந்து! அந்த ஒரு பொய்தான் வீட்டை இடிக்கப்போகிறது. இது அக்காவுக்கு விளங்கவில்லையோ என்று அவரைப் பார்த்தார். ஜோசப்பின் மரத்தில் கையை வைத்தபடி இவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் விளங்கியிருந்தது. விளங்கிக்கொண்டே, மற்ற இருவரும் காணாதபடி, வேண்டாம் என்று தலையை ஒருமுறை அசைத்தார்.

"ஒரு துண்டு மரம் எண்டாலும் எடுத்து வைக்கலாமோ பிள்ளை? ஞாபகத்துக்கு" என்று லக்சிகாவிடம் கேட்டுவிட்டு, பேனை எடுக்க உள்ளே திரும்பினார்.

பதினொரு மாடி சுமந்து இறங்கினதற்குப் பதிலாக வீட்டையே கொடுக்கிறாள் இந்த மனுசி! சண்முகநாதன் சுவரில் கையை ஊன்றினார். தன் பேர் என்ன பெரிய பேர்? ஒரு மனுசி ஆசைப்பட்டு இருக்கிற வீட்டை விடப் பெரிதோ? அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"அக்கா, நில்லுங்கோ. பிள்ளை, அந்தச் சீமெந்து போட்டது நான். இந்தக் கையால போட்டனான். அஞ்சே அஞ்சு வருசம். நல்ல சுண்ணாம்பைத் தோண்டி எறிஞ்சிட்டுப் போட்ட மடையன் நான்தான்."

டெனிஸ்டன் திகைத்துப்போய்த் தாயைப் பார்த்தான். லக்சிகா நம்பவில்லை. "அங்கிள், அன்ரி பாவம் எண்டு நீங்கள் ஹெல்ப் பண்ணப் பாக்கிறீங்கள். வாய்ச்சொல்லை நம்பி நான் வீட்டைத் தூக்கேலாது."

"வாய்ச்சொல்லோ? பொறு, காட்டிறன்."

காற்சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற திருகாணிக் கட்டையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். குழாயைப் பிடித்திருந்த இரண்டு பட்டிகளையும் கழற்றி, குழாயை ஒரு பக்கமாக இழுத்தார். சிலந்திவலையைக் கையால் துடைத்தார். உள்ளங்கை அளவு இடத்தில், குழந்தையின் காது போல வளைந்து ஒரு கோடு நீட்டிய பிள்ளையார் சுழி. கீழே, ஆடி 2020.

லக்சிகா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஆணி கீறும்போது ஒதுங்கிய சீமெந்து அப்படியே விளிம்பில் இறுகிக் கிடந்தது. ஈரமாக இருந்தபோது எழுதாமல் அது வராது. அவளும் வேலைக்காரி, அவளுக்குத் தெரியும். நேரே வண்டிக்குப் போய் உளியோடு வந்தாள். இடுப்பு உயரத்தில், தோள் உயரத்தில், தலைக்கு மேலே என்று மூன்று இடத்தில் சீமெந்தைப் பெயர்த்தாள். ஒவ்வொரு முறையும் ஜோசப்பின் மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்தார். உள்ளேயிருந்த மரம் காய்ந்து, இறுகி, தேன் நிறத்தில் இருந்தது. உளி முனையை அழுத்தியும் இறங்கவில்லை.

"அடி மரம் மட்டும்தான் அன்ரி" என்றாள் லக்சிகா. அவளுடைய குரலே மாறிவிட்டது. "அதுகூட இந்தக் குழாய் ஒழுகினதாலதான் இவ்வளவு கெதியாப் போயிருக்கு. மிச்சம் எல்லாம் உயிரோட இருக்கு. ஏலும் எண்டு எழுதிறன்."

ஜோசப்பின் அந்த இடத்திலேயே படியில் குந்தி, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த கையோடு எழும்பி வந்து குழாய்க்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஓய் சண், எனக்குச் சொல்லாமல் என்ர வீட்டில பிள்ளையாரோ?"

"சின்னன்தானே அக்கா."

"அஞ்சு வருசமாக் குடியிருந்திருக்கிறார், ஒரு தேத்தண்ணிகூடக் குடுக்கேல்லை!"

டெனிஸ்டன்தான் முதலில் சிரித்தான். பிறகு சண்முகநாதனைத் தனியே கூப்பிட்டான். திட்டப்போகிறான், புது வீட்டு வேலையும் போச்சு, எல்லாம் போச்சு என்று இவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். "அங்கிள், நீங்கள் சொல்லாட்டி அம்மா இண்டைக்குக் கையெழுத்து வைச்சிருப்பா. பிறகு அவ புது வீட்டில சிரிச்சிருக்கவும் மாட்டா" என்றான் அவன். அவ்வளவுதான் சொன்னான். மேசையில் கிடந்த படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

லக்சிகா ஒரு கட்டளை போட்டாள். சுண்ணாம்பு பூசுவதற்குப் பனி முற்றாக விடவேண்டும். அதற்குள் நாலு சுவரிலும் உள்ள சீமெந்து முழுவதும் வெளியே வரவேண்டும். இயந்திரம் வைத்தால் மரம் காயப்படும், கை உளிதான். ஆர் செய்கிறது என்று அவள் கேட்கவேயில்லை. சண்முகநாதன் அடுத்த நாள் காலை உளியோடு நின்றார். இறுக்கமாகப் போட்ட தன்னுடைய கையையே அவர் திட்டாத நாளில்லை. "எவனடா இவ்வளவு கொழுப்பாக் குழைச்சது?" என்று அவர் கத்த, உள்ளேயிருந்து ஜோசப்பின், "அது ஸ்காபரோவில ஒரு பெரிய மேசன், தெரியாதே?" என்பார். செய்தி ஒரு கிழமையில் ஊர் முழுக்கப் பரவியது. பரப்பியது வேறு யாருமில்லை, அவரேதான். இனி எந்த மரவீட்டுக்காரனும் என்னைப்போல ஒருத்தனைக் கூப்பிடக்கூடாது பாருங்கோ என்று கோயிலிலும் கடையிலும் நின்று சொன்னார். சிரித்தவர்கள் சிரித்தார்கள். வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

வைகாசியில் ஜாக்கி வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு விரற்கடையின் கால்வாசி, அதற்கு மேல் இல்லை. நாலாம் நாள் அடி மரம் விடுபட்டது. அதன் நுனியில், மற்ற மரத்தின் வாய்க்குள் இவ்வளவு காலமும் ஒளிந்திருந்த இடத்தில், கோடாலியால் வெட்டிய மூன்று கோடும் அவற்றுக்குக் குறுக்காக ஒன்றும் இருந்தன.

"எந்த மரம் எங்க போறது எண்டு அவர் போட்ட அடையாளம்" என்றாள் லக்சிகா.

சண்முகநாதன் அந்தக் கோடுகளைத் தடவினார். இவனும் ஆட்கள் காணாத இடத்தில்தான் போட்டிருக்கிறான். ஆனால் எவ்வளவு வேலை தெரிந்தவன்! புது மரத்தை லக்சிகா அகலக் கோடாலியால் செதுக்கி, அதே சரிவில் நுனியை வெட்டி, நாலு பேராகத் தள்ளியபோது அது உள்ளே போய் டொக்கென்று இருந்தது. சனிக்கிழமை என்பதால் டெனிஸ்டனும் நின்றான். ஜாக்கியை இறக்கியது அவன்தான். அன்றைக்குச் சமையல் மேசையில் வைத்த தோடம்பழம் வைத்த இடத்திலேயே இருந்தது.

ஆனி மாதத்தில் சுண்ணாம்பு. சீமெந்துக்காரனுக்கு அது பெரிய தண்டனை. பூசிவிட்டுப் போக முடியாது. ஈரச்சாக்குப் போட்டு மூடி, காயவிடாமல் குழந்தைப்பிள்ளை போலப் பார்க்கவேண்டும். பொறுமை இல்லாமல் அவர் புறுபுறுத்தார், ஆனால் செய்தார். கடைசி இடுக்கு வாசற்கதவுக்குப் பக்கத்தில். அதை நீவி முடித்துவிட்டுச் சாக்கை எடுக்கக் குனிந்தபோது, ஜோசப்பின் கையில் ஒரு ஆணியோடு வந்து நின்றார்.

"எங்க உம்மட பிள்ளையார்?"

"வேண்டாம் அக்கா. நான் விட்ட பிழைக்கு..."

"அவர் இருந்தபடியால்தான் வீடு நிக்குது. போடும் எண்டுறன். ஆனால் குழாய்க்குப் பின்னால இல்லை. இஞ்ச, வாசலில, வாற போற ஆக்கள் காண."

சண்முகநாதன் மேலே இருந்த மடு மாதாவை ஒருமுறை பார்த்தார். ஆணியை வாங்கினார். மெத்தென்றிருந்த சுண்ணாம்பில் சுழி போட்டார். அதன் கீழே ஆனி 2025. ஜோசப்பின் ஆணியைப் பறித்து, பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவையைக் கீறிவிட்டு, திருப்பி அவருடைய கையிலேயே வைத்தார்.

"பேரையும் எழுதும்."

முப்பது வருடமாக ஒரு வேலையிலும் அவர் எழுதாதது அது. கண் கலங்கியதால் முதலெழுத்துச் சற்றுச் சரிந்து போனது. அதை அழிக்காமல், அந்தச் சரிவோடேயே, சண்முகநாதன் என்று முழுப்பெயரையும் எழுதிவிட்டு, ஈரச்சாக்கால் மெதுவாக மூடினார்.